சித்தப்பாவின் முகத்தில் ஒரு வாளித் தண்ணீர்

என் அம்மா சித்தப்பாவின் முகத்தில் ஒரு வாளித் தண்ணீரை வீசியபோது நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். கொழுந்தனை 'வாங்க, போங்க' என்று மரியாதையாகப் பேசுகிறவள் அவள். அதனால் செய்தி எங்கள் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்கு வந்தபோது முதலில் யாரும் நம்பவில்லை.

மலேசியாவின் கேமரன் மலையில் நாங்கள் இருந்த எஸ்டேட்டின் தேயிலைத் தொழிற்சாலையில், கரண்ட் போனால் கைகொடுப்பதற்காகப் பெரிய பேட்டரிகளை ஓர் அறையில் வரிசையாக வைத்திருந்தார்கள். அவற்றைப் பராமரிப்பது அம்மாவின் வேலை. ஒவ்வொன்றிலும் மீட்டரை வைத்துப் பார்ப்பாள்; தண்ணீர் குறைந்திருந்தால் ஊற்றுவாள்; எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவாள். பள்ளி விட்டதும் நான் அறைக்கு வெளியே அவளுக்காகக் காத்திருப்பேன். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஒரு வாயு வரும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, பொறி பட்டால் அறையே வெடித்துவிடும் என்று அவள் சொல்லியிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு இத்தனை பயமா என்று எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

அன்று நல்ல மழை. காலையில் போன கரண்ட் மத்தியானம்தான் வந்தது. பேட்டரிகள் மறுபடி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. கதவைத் திறந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். வாயுவை வெளியே தள்ளும் விசிறி ஓடவில்லை.

"தள்ளிப் போ! படிகிட்டப் போயி நில்லு!" என்று என்னை விரட்டினாள். வெளிச்சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துச் சார்ஜரை நிறுத்தினாள். கதவை அகலத் திறந்து வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா வந்தார். தேயிலைப் பெட்டி ஏற்றும் லோரியை நிறுத்திவிட்டு, மழைக்கு ஒதுங்க நேராக அந்தக் கதவோரம் வந்து நின்றார். உதட்டில் சிகரெட். கை லைட்டரை எடுத்தது.

"வேணாம், பத்த வைக்காதீங்க!"

தகரக் கூரையில் மழை போட்ட இரைச்சலில் அவருக்கு என்ன கேட்டதோ. "குளிருது லா அண்ணி, ஒரு இழுப்புதான்" என்று சிரித்தபடி லைட்டரை வாயருகே கொண்டுபோனார்.

அமிலம் சிந்தினால் கழுவுவதற்கென்று அங்கே ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கும். அம்மா அதைத் தூக்கி மொத்தத்தையும் அவர் முகத்தில் வீசினாள். லைட்டர் தெறித்துச் சேற்றில் விழுந்தது. பெட்டி தூக்க வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை.

அம்மா நடந்ததை எல்லாம் பதிவேட்டில் எழுதிவைத்தாள். விசிறி நின்றுபோனதையும், சிகரெட்டோடு வந்தவர் பெயரையும், வாசலில் யாரும் வராமல் தடுப்புக் கட்டாதது தன் தவறு என்பதையும். அப்பாவுக்குக் கோபம் தாங்கவில்லை. "ஒண்ணும்தான் ஆகலையே! தம்பி பேர எதுக்கு எழுதுன?"

"எழுதலன்னா, அடுத்து அந்தக் கதவத் தொறக்கிறவங்களுக்கு யாரு சொல்றது?"

புது விசிறி வந்தது. அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் நிர்வாகத்தின் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. சித்தப்பா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

தீபாவளியன்று அம்மா பலகாரத் தட்டைக் கொடுத்து என்னை அவர் வீட்டுக்கு அனுப்பினாள். அவர் தன் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பி வந்து, "சித்தப்பா வாங்கிக்கல. பாப்பாவத் தூங்க வச்சுக்கிட்டு இருக்காரு" என்றேன். அம்மா வருத்தப்படுவாள் என்று நினைத்தேன்.

"தூங்க வச்சுக்கிட்டா இருக்காரு?" என்று அவள் என் வார்த்தையையே திருப்பிக் கேட்டாள். கண் கலங்கியிருக்க, "பாப்பாவுக்கு அப்பா இருக்காருல்ல, அது போதும்" என்று சிரித்தாள்.

கொடுத்தனுப்பிய தட்டு அப்படியே திரும்பி வந்திருக்கிறது, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.