மத்தியானம் வாடிய மிளகாய்ச் செடி

மணப்பாட்டுக்குப் பக்கத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எனக்கு மிளகாய்த் தோட்டம் இருக்கிறது. மாடு பூட்டிக் கமலை இறைத்துவந்த கிணற்றில் இரண்டு வருடத்துக்கு முன்புதான் ஆயில் எஞ்சின் வைத்தேன்.

மத்தியான வெயிலில் செடிகள் இலையைத் தொங்கப்போடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து உடனே எஞ்சினைப் போடுவேன். தினமும் இப்படித்தான் நடந்தது.

என் கிணற்றுக்கும் கடலுக்கும் நடுவில் செலின் அக்கா வீட்டுக் கிணறு. ஒருநாள் அவர் வேலியருகே வந்தார்.

"தம்பி, நீ எஞ்சின் போட்டதுல இருந்து எங்க தண்ணி உப்புக் கரிக்கி. கொஞ்சம் நிறுத்திப் பாரேன்."

"கோடையில அப்படித்தாம் இருக்கும்க்கா. செடி வாடுதுல்லா" என்றேன்.

அடுத்த வாரம் எஞ்சின் பழுதாகி நின்றுவிட்டது. செடிகள் கருகியிருக்கும் என்று பயந்துகொண்டே சாயங்காலம் போனேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமலே இலைகள் நிமிர்ந்து நின்றன. வேரடியைக் கிளறினேன், மண் ஈரமாகவே இருந்தது. வெயிலுக்குத் துவண்டதைத் தாகம் என்று நினைத்து நல்ல தண்ணீரையெல்லாம் இறைத்துத் தீர்த்திருக்கிறேன். நிலத்துக்கு அடியில் அந்த இடத்துக்குக் கடல் தண்ணீர் வந்து அக்கா கிணற்றில் ஏறிவிட்டது.

இப்போதெல்லாம் சாயங்காலமும் இலை நிமிராவிட்டால்தான் அரைச் சாண் தோண்டிப் பார்க்கிறேன். கையில் பிடித்த மண் உதிர்ந்தால் மட்டும் பாய்ச்சுகிறேன்.

என் கிணற்றில் தண்ணீர் மட்டம் கொஞ்சம் தேறியிருக்கிறது. அக்காவின் கிணறு தேறவில்லை, அதே உப்புதான். தினமும் குடத்தோடு என் தோட்டத்தைத் தாண்டித்தான் கோயில் கிணற்றுக்குப் போகிறார். "மிளகாய் நல்லா இருக்கா தம்பி?" என்று கேட்கிறார். தண்ணீரைப் பற்றி மட்டும் அவர் பேசுவதே இல்லை.