புயல் அக்கா அழுத்திய பொத்தான்

புயல் அக்காவைத் தெரியாத ஆய்வு மாணவர் யாராவது அந்த ஊரில் இருந்தால், அவர் இன்னும் ஆய்வையே தொடங்கவில்லை என்று பொருள். கோழி கிண்டிய மாதிரி கையெழுத்தைக்கூட மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மடமடவென்று தட்டச்சு செய்து ஆய்வேடாக்கிக் கொடுத்துவிடுவாள். இருபத்தாறு வருடமாக இதுதான் தொழில். அத்தனை வருடமும் விண்டோஸ்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் வேலையை முடித்துவிடுவாள்.

போன மாதம் அவளுடைய பழைய கணினி ஒரேயடியாக மூச்சை நிறுத்தியது. புதிது வாங்கிய தம்பி, தான் வைத்திருந்த பழைய மேக் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்து, "இது ரொம்ப ஈஸிக்கா, சின்னக் குழந்தைகூட கத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அக்கா சின்னக் குழந்தை இல்லையே, அதுதான் சிக்கல். சிவப்புப் புள்ளியைத் தொட்டால் ஜன்னல் மட்டும் மறைந்தது. நிரல் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. கன்ட்ரோல் விசையை எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றும் நகலாகவில்லை. எட்டு நாளாக அதன் மூடியைத் திறக்கும்போதெல்லாம் பரீட்சை அறைக்குள் போவது போல அவளுக்கு உள்ளங்கை வியர்த்தது. வெளியில் சொல்வாளா? புயல் என்று பேர் வாங்கியாயிற்றே.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு டீச்சரின் ஆய்வேட்டில் கடைசி இரண்டு அத்தியாயங்களை அடித்து முடித்தாள். காது கேளாத பிள்ளைகள் எப்படி வாசிக்கப் பழகுகிறார்கள் என்று அந்த டீச்சர் ஏழு வருடமாக ஆராய்ந்து எழுதியது. வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். தவறினால் பதிவு ரத்து, ஏழு வருடமும் தண்ணீரில் எழுதின மாதிரி. முதல் பத்து அத்தியாயங்களும் 'ஆய்வு' என்ற கோப்புறையில், ஒரு பென் டிரைவில் இருந்தன. செத்துப்போன கணினியிலிருந்து தப்பியது அது மட்டும்தான்.

புதிய இரண்டையும் மேக்கில் அதே பெயரில் ஒரு கோப்புறைக்குள் வைத்திருந்தாள். அதை இழுத்துப் பென் டிரைவில் போட்டாள். இதே பெயரில் ஒன்று இருக்கிறதே, ரீப்ளேஸ் செய்யட்டுமா என்று கேட்டது. இருபத்தாறு வருடமாக இந்த மாதிரிக் கேள்விக்கு அவள் யோசித்ததே இல்லை. விண்டோஸில் சரி என்றால் பழையதும் இருக்கும், புதியதும் போய்ச் சேர்ந்துகொள்ளும். அழுத்தினாள்.

திறந்து பார்த்தால் உள்ளே இரண்டே கோப்புகள். மேக் பழைய கோப்புறையை அப்படியே தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வைத்திருந்தது.

குப்பைத் தொட்டியைத் திறந்தாள், காலி. பென் டிரைவைப் பிடுங்கி மறுபடி செருகினாள். இரண்டுதான். சமையலறைக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள். தம்பிக்குப் போன் போட்டாள்.

"குப்பைத் தொட்டியிலயும் இல்லையா?" என்றான் தம்பி. "அப்ப கஷ்டம்தான்க்கா. கடையில குடுத்துப் பாக்கலாம், ஆனா வர்றதுக்கு ஒரு வாரம் ஆகும். ஒண்ணு பண்ணு, பென் டிரைவ் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப்போவுது?"

உண்மைதான். பென் டிரைவ்கள் தினமும் செத்துக்கொண்டுதான் இருக்கின்றன. யாரும் பிரேதப் பரிசோதனை செய்வதில்லை. அந்தப் பொய்யை இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. டீச்சரின் எண்ணை அழுத்தினாள்.

"அக்கா! முடிஞ்சிடுச்சா?" டீச்சரின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"டீச்சர்... பத்து அத்தியாயம் போச்சு. நான்தான் அழிச்சிட்டேன். தெரியாம ஒரு பொத்தானை அழுத்திட்டேன்."

அக்கா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரேன்" என்றார் டீச்சர்.

அரை மணி நேரம் அக்கா நாற்காலியில் பயந்து ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். டீச்சர் ஒரு பை நிறையக் காகிதத்தோடு வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

"முதல்ல கையால எழுதின தாள் எல்லாம் வீட்ல இருந்துச்சு. ஆனா மூணு வருஷமா திருத்தினது, சேர்த்தது எதுவும் இதுல இல்ல. அது எல்லாம் அந்த ஃபைல்ல மட்டும்தான். எனக்கே பாதி ஞாபகம் இல்ல" என்றார் டீச்சர். "நான் வாசிக்கிறேன். நீங்க அடிங்க."

டீச்சர் வாசித்தார். அக்கா அடித்தாள். இரண்டாம் பக்கத்தின் நடுவில் அவள் கை நின்றது.

"டீச்சர், இங்க ஒரு பத்தி விட்டுப்போச்சு. மழைன்னு எழுதிக் காட்டினதும் ஒரு பொண்ணு ஓடிப்போய் ஜன்னல் கண்ணாடியைத் தொட்டாளே, அது இங்கதான் வரும்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "அது நான் அப்புறம் சேர்த்ததாச்சே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாலு தடவை அடிச்சிருக்கேன் டீச்சர். நாலு தடவையும் அந்த இடத்துல எனக்கு அழுகை வந்துச்சு."

டீச்சர் நாற்காலியை இழுத்து அக்காவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "அப்ப மத்த திருத்தமெல்லாம்கூட ஞாபகம் வருமா உங்களுக்கு?"

"தெரியல டீச்சர். பயமா இருக்கு" என்றாள் அக்கா. விரல்களைத் திரும்ப விசைகள் மேல் வைத்தாள். "நிறுத்தாம வாசிங்க."