மூன்றாவது முறை வந்த வண்டி

இருபத்திரண்டு வருடத் தொழிலில், ஒரே கோளாறுக்காக ஒரு வண்டி அவரிடம் மூன்றாவது முறை வந்தது இதுதான் முதல் தடவை. அதுவும் சொந்த அக்காவின் வண்டி.

கார் எலக்ட்ரீஷியன். வயது நாற்பத்தாறு. பட்டறையில் பட்டப்பெயர் 'நேர்த்தி'. போனட்டைத் திறந்தால் அவர் கைபட்ட ஒயர் எது என்று உடனே தெரியும். தொங்காது, தளராது. சாணுக்கு ஒரு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கிக் கட்டி, கத்தரித்த மீசை மாதிரி இருக்கும்.

அக்கா, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். மலைச் சாலையில் பதினான்கு வீடுகள் அவர் பொறுப்பு. மூன்று முறையும் பாதி ஏற்றத்தில் என்ஜின் விளக்கு எரிந்து, இழுவை செத்து, வண்டி ஊர்ந்தது. திங்கட்கிழமையும் போய்ச் சேராவிட்டால் மலை வேறு ஆளுக்கு, உங்களுக்கு ஆபீஸ் மேஜை என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

இன்று சனிக்கிழமை. ஸ்கேனரைச் செருகினார். அதே வரி: எக்ஸாஸ்ட் வால்வு கட்டுப்பாட்டு சர்க்யூட்டில் கோளாறு. அந்த வால்வு திறக்கும் நேரத்தைச் சரிசெய்ய, விரல் நீளத்தில், மின்சாரத்தால் இயங்கும் ஒரு சோலனாய்டு உண்டு. முதல் தடவை அதை மாற்றினார். இரண்டாம் தடவை, புதுசே மோசம் என்று அதையும் மாற்றினார்.

மீட்டரை வைத்தார். பன்னிரண்டு வோல்ட். ஒயர் எங்கும் அறுபடவில்லை என்றது மீட்டர். எல்லாம் சரி. அதுதான் எரிச்சல். ஸ்பானரைத் தட்டில் வீசினார்.

"அது என்னடா பண்ணுச்சு உன்னை?" என்றார் ஸ்டூலில் இருந்த அக்கா.

"சும்மா இரேன்க்கா. இங்க நின்னா ஒழுங்கா இருக்கு. உன் கைக்கு வந்தா மட்டும் மக்கர் பண்ணுது."

"ஓ, வண்டிக்கு என்னைப் பிடிக்கலைங்கற. மேடு ஏறும்போதுதான் வருதுன்னு மூணு வாட்டி சொல்லிட்டேன். ஒரு வாட்டியாவது மேட்டுல வெச்சுப் பார்த்தியா?"

பார்க்கவில்லை.

பட்டறையில் மேடு ஏது? அக்காவை ஸ்டியரிங் முன் உட்காரவைத்து, சோலனாய்டுக்கு மின்சாரம் வரும் ஒயரில் மீட்டரைப் பொருத்தினார்.

"ஸ்டார்ட் பண்ணு. பிரேக்கை நல்லா மிதி. ஃபர்ஸ்ட் கியர் போடு. கிளச்சைக் கொஞ்சமா விடு."

வண்டி நகரவில்லை. ஏற்றத்தில் திணறுவது போல என்ஜின் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து உலுக்கியது. மீட்டரில் வோல்ட் பூஜ்யமானது. கிளச்சை மிதித்ததும் திரும்பி வந்தது.

ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு டையில் விரல் நின்றது. அவர் போட்ட டை. முதல் தடவை கெட்டிருந்தது நிஜமாகவே சோலனாய்டு; அதை மாற்றியபோது, ஒயர் தொங்கக் கூடாதென்று இழுத்துக் கட்டியது. என்ஜின் சாயும்போதெல்லாம் இழுபட்டு, உறைக்குள் செம்பு அறுந்திருந்தது. என்ஜின் நிமிர்ந்தால் அறுந்த முனைகள் தொட்டுக்கொள்ளும்.

"கிடைச்சுதா?"

"ம்."

"எது?"

"நான்தான்."

அக்கா இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "அழகாத்தான்டா கட்டியிருக்க."

"நக்கல் வேணாம்க்கா."

டையை வெட்டினார். புது ஒயர் சேர்த்து, நாலு விரல் தளர்வு விட்டார். தொங்கியது. அதைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. போனட்டைப் படாரென்று சாத்தினார்.

நாளைக் காலை அவரே வண்டியை மலைச் சாலையில் மூன்று முறை ஏற்றி இறக்கப்போகிறார். திங்கள் எட்டு மணிக்கு அக்காவுக்கு முதல் வீடு.