அம்மை என்று கும்பிட்ட குளிர்

கலேவெல வெயிலில் வளர்ந்தவள் நான். ரத்தோட்டைக்கு மேலே மலையில் கல்யாணம் கட்டிப் போன பிறகுதான் குளிரைக் கண்டேன். பிள்ளை பெற்ற வருசம், மார்கழியில், கைவிரலும் கால்விரலும் சிவந்து தடித்து எரிந்தன. சொறிந்த இடமெல்லாம் கொப்புளம். மடியில் பால்குடி மகள்.

மாமி என் கையைப் பார்த்ததும் பிள்ளையைப் பறித்துக்கொண்டார்.

"அம்மா வந்திருக்கா. இனி புள்ளையத் தொடாத. அதுக்கும் போட்டுரும்."

வாசலில் வேப்பிலை செருகினார்கள். அடுப்பில் தாளிப்பு நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அம்மாவுக்குக் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார். எனக்குப் பின்னறையில் பாய். காலையும் மாலையும், மலை ஊற்று வந்து விழும் பீலியில் பிடித்த பச்சைத் தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, கைகாலை அதற்குள் வைத்திருக்கச் சொன்னார் மாமி. அம்மாவைக் குளிர வைக்க வேண்டுமாம். நானும் கும்பிட்டுக்கொண்டே வைத்தேன். வைக்க வைக்கக் கூடியது.

"எரியுது மாமி."

"எரியத்தான் செய்யும். என்னா பாவத்தக் கட்டிக்கிட்டு வந்தியோ, ஆத்தாகிட்டயே கேளு."

கேட்டேன். கேட்டுவிட்டு மறுபடியும் கையைத் தண்ணீருக்குள் வைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை பாலுக்கு அழும். இந்தப் பக்கம் என் சட்டை நனையும்.

"குடுங்க மாமி. கை படாமப் பால் குடுக்கிறேன்."

"கை படாம எப்பிடிடி குடுப்ப, மாடா நீ?"

மாப்பால் கரைத்துப் போத்தலில் கொடுத்தார். போகப் போக என் சட்டை நனைவது நின்றுபோனது.

பிள்ளையை நிறுக்க வந்த மருத்துவமாது, தாய் எங்கே என்று கேட்டு உள்ளே வந்து என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அம்மையின்னா ஒடம்பெல்லாம்ல போடும்? இது குளிருக்கு வந்தது. பச்சத்தண்ணில ஊறவச்சு ஊறவச்சுப் புண்ணாக்கி வச்சிருக்கீங்க. ஈரம் இல்லாமத் தொடச்சு, கையக் கால மூடி வைங்க. புள்ளையக் குடுங்க அவகிட்ட."

"அம்மா எறங்கிட்டா போல" என்றார் மாமி. அவ்வளவுதான்.

மகளை வாங்கி மார்போடு சேர்த்தேன். உறிஞ்சிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. வீறிட்டாள். வாசற்படியில் நின்று மாமி போத்தலைக் குலுக்கினார். பிள்ளை அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பியது.

"பாத்தியா, புள்ளைக்கே ஒன்னப் புடிக்கல."

மாரியம்மனை நான் குறை சொன்னதில்லை. அவள் பேரைச் சொல்லிச் செய்ததை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பசித்தால் மாமியிடந்தான் கேட்பாள்.