காய்ச்சல் வீட்டில் பிரெஞ்சுப் பாடம்

"மேசை எப்படிப் பொம்பளையாச்சு புள்ள? யாரு போய்ப் பார்த்தது?" மருந்து அரைக்கும் கல்வத்தைக் கையில் பிடித்தபடி என் கணவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. கொல்லிமலையில், ஆலத்தூர் நாடு என்ற பகுதியின் மருந்தகத்தில் அவர் கம்பவுண்டர், சேந்தமங்கலத்துக்காரர். நான் அப்போது பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த காரைக்காலில் கன்னியர் பள்ளியில் படித்தவள்; எனக்கு வரும் பிரெஞ்சை அவருக்குச் சொல்லித்தந்துகொண்டிருந்தேன். பிரெஞ்சில் நாற்காலியும் பெண்பால்தான், கட்டில் ஆண்பால் என்றதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். மரியாதைப் பன்மைக்கு மட்டும் பாடமே தேவைப்படவில்லை. ஆட்டுக்குட்டியையும் 'வாங்க' என்று கூப்பிடுகிற மனிதருக்கு 'நீ'தான் வாயில் நுழையவில்லை. "சாமிகிட்டப் பேசறப்ப எதுங்க டீச்சர்?" என்று கிண்டலாகக் கேட்டார். அங்கே கடவுளும் 'நீங்கள்'தான் என்றேன். அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சிரிக்கும்போதும் கண் மகளின் படுக்கையிலேயே இருந்தது. எங்கள் ஐந்து வயது மகளை மலைக்காய்ச்சல் பிடித்திருந்தது. கொயினா மாத்திரை கொடுத்தால் விடும், அடுத்த மழைக்குத் திரும்ப வரும். மண்ணீரல் வீங்கி வயிறு கல்லாகியிருந்தது. மலையை விட்டு இறக்காவிட்டால் பிழைக்கமாட்டாள் என்பது கம்பவுண்டருக்குத் தெரியாதா? அப்போதுதான் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் பிரெஞ்சு தெரிந்த கம்பவுண்டர் தேடி ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் மலையேறி வருவதாகச் சொன்னார்கள். அன்று தொடங்கியதுதான் இந்தப் பாடம்; அன்றிலிருந்து இருவருக்கும் சரியான தூக்கமில்லை.

பாதிரியார் எங்கள் வீட்டுக்கே வந்தார். மகள் அதே கூடத்தில் கம்பளிக்குள் கிடந்தாள். பெயர், ஊர், மருந்து வகை என்று பிரெஞ்சில் கேட்டதற்கெல்லாம் என் கணவர் தட்டுத்தடுமாறியாவது பதில் சொன்னார். கடைசியில், வேலை கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்றார் பாதிரியார். காரைக்காலுக்குப் போகிறேன் என்று சொன்னால் போதும். என் கணவருக்கு வாயே திறக்கவில்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையின் முன்னால் 'போறேன்' என்று யாராவது சொல்வார்களா? பாடம் நடக்கும்போதும் அந்தச் சொல் வந்தாலே என் வாயைப் பொத்திவிடுவார். பாதிரியாரோ அவர் மறந்துவிட்டதாக நினைத்து, "ஜெ வே... ஜெ வே..." என்று எடுத்துக்கொடுத்தார். நான் போகிறேன், நான் போகிறேன் என்று அர்த்தம். என் கணவர் வியர்த்துப்போய் மகளையே பார்த்தார். பாதிரியார் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து பிரெஞ்சிலேயே சொன்னேன்: அவருக்குத் தெரியும் சாமி, பிள்ளை படுத்திருக்கிற வீட்டில் அதை நாங்கள் சொல்லமாட்டோம். பாதிரியார் திரும்பவும் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வேலைக்கு என் கணவரின் பிரெஞ்சு போதாது என்றார்; ஆனால் கன்னியர் பள்ளியில் சிறுமிகளுக்குச் சொல்லித்தர என்னை வரச் சொன்னார். மகளைக் கூட்டிக்கொண்டு நான் இறங்கலாம். மருந்தகத்துக்கு மாற்று ஆள் வரும்வரை என் கணவர் மலையிலேயே இருக்க வேண்டும். சந்தோஷப்படக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிவரை அவரே மகளைத் தோளில் சுமந்து இறங்கினார். மாட்டுவண்டி நகர்ந்ததும் அவள் கையை ஆட்டி, "ஜெ வே, அப்பா! ஜெ வே!" என்று கத்தினாள். அன்று கம்பளிக்குள் கிடந்தபடியே பாதிரியாரிடம் பிடித்துக்கொண்ட சொல். அவள் அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "வாரேன்னு சொல்லு கண்ணு, வாரேன்னு சொல்லு சாமி" என்று வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்தார். அவள் விளையாட்டென்று நினைத்து இன்னும் சத்தமாகக் கத்தினாள். வண்டியை நிறுத்தச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சந்தைத் திடலைத் தாண்டியும் அவர் ஓடிவந்தார். ஒருவழியாக, "வாரேன்ப்பா" என்றாள். அங்கேயே நின்றுவிட்டார்.

தை மாதத்தில் அவர் காரைக்கால் வந்து சேர்ந்தபோது அவள் வயிறு வற்றிக் கன்னம் உப்பியிருந்தது. இன்று அவளும் பிரெஞ்சு வாத்தியாரம்மா. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் எதுவும் சொல்லாமலே படியிறங்கிவிடுவாள். அவர் இருந்தவரை தெருமுனைவரை ஓடியாவது அந்த ஒரு சொல்லை அவளிடம் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார். இப்போது நான் ஓடுகிறேன்.