ரஹிமாவின் நாலு பவுன் செயின்

அன்றைக்கு வங்கியின் நகைக்கடன் மேசைக்கு முன்னால் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் வீட்டுக்காரர், என்னோடு தையல் யூனிட்டில் வேலை பார்த்த ரஹிமா, நகையை உரசிப் பார்த்து மதிப்புச் சொல்கிறவர், அப்புறம், அன்றைக்கே திருப்பித் தரும்படி கைமாற்றுப் பணம் கொடுக்கிற பாண்டி. ரஹிமாவின் நாலு பவுன் செயினும் மேசைமேல் இருந்தது. அதையும் ஓர் ஆளாகச் சேர்க்கலாம். ஐந்து பேரும் அதன் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டு நின்றோம்.

இதெல்லாம் இப்போது ஏன் ஞாபகம் வந்தது என்றால், பூந்திக்கொட்டையால் வந்தது. பேத்தியின் கொலுசு கறுத்துவிட்டது என்று நேற்று கடைவீதியில் நூறு கிராம் வாங்கி வந்து, வெந்நீரில் ஊறப்போட்டுக் கசக்கினேன். அந்த நுரைக்கு ஒரு வாடை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். லேசான கசப்பு, அதற்குள் பழம் புளித்த மாதிரி ஓர் இனிப்பு. கையை மோந்து பார்த்தேன். கொலுசு மறந்துபோயிற்று. நாகல்நகர் மாடியில் எங்கள் தையல் யூனிட்டும், எவர்சில்வர் டம்ளரில் ரஹிமா செயின் கழுவியதும் வந்து நின்றுவிட்டன.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கவலைப்படுகிற ஜாதி. வெளியூர் போகும்போது கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால், எடுப்பதற்குள் மனதுக்குள் ஒருத்தரைப் பாடையில் ஏற்றிவிடுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டது அப்பாவின் காலில் அடிபட்டதால்தான். ஆனால் நாளையிலிருந்து கூட்டு வட்டிக் கணக்குப் போட வேண்டியதில்லை என்று அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அந்தக் கூட்டு வட்டி விலாசம் விசாரித்துக்கொண்டு வீடுவரை வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

யூனிட்டில் நைட்டியும் உள்பாவாடையும் தைத்தோம். பீஸ் கணக்கில் கூலி, சனிக்கிழமை சம்பளம். ரஹிமாவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மிஷின். பாபின் மாற்றும் நேரத்தில்கூட அவள் வாய் நிற்காது. மத்தியானம் டப்பாவைத் திறந்தால் என் வெஞ்சனம் பாதி அவளுக்கு, அவளுடையது பாதி எனக்கு. நான் உம்மென்று இருந்தால், "ஏ புள்ள, இன்னைக்கு என்ன கவல? நேத்து உள்ளதா, புதுசா?" என்பாள்.

புதுசாக ஒன்று வந்தது. வீட்டுக்காரர் குட்டியானை வண்டி ஓட்டினார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏற்றி, திண்டுக்கல் கடைகளுக்கு இறக்குவது வேலை. ஒருநாள் பாதி வழியில் இன்ஜின் நின்றது. மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டு இவர் சிரித்தார். பயந்தால் சிரிப்பது இவர் பழக்கம். என் நகை ஏற்கனவே அடகில் இருந்தது. வண்டி ஓடாவிட்டால் தினசரித் தவணைக்காரருக்கு என்ன சொல்வது என்று நான் மிஷினில் உட்கார்ந்து அழுதுகொண்டே தைத்தேன். அந்த நைட்டிகள் எல்லாம் கோணல்.

மறுநாள் ரஹிமா ஒரு சின்ன டப்பாவை என் மடியில் வைத்தாள். அச்சு முறுக்காக இருக்கும் என்று திறந்தேன். உள்ளே அவள் கழுத்துச் செயின்.

"அடகு வச்சு வண்டியச் சரி பண்ணு. சபீனா கல்யாணத்துக்கு முன்னாடி திருப்பிக் குடுத்துரு, அம்புட்டுத்தான்."

சபீனா அவள் மகள். ஒரே பிள்ளை. அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ரஹிமாவின் புருஷன் இறந்து பல வருடம். அந்தச் செயினைத் தவிர மகளுக்குப் போட அவளிடம் வேறு தங்கம் கிடையாது. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் வாங்கினேன். வேறு வழி இருந்ததாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

எழுபத்தைந்தாயிரம் கிடைத்தது. வண்டி ஓடியது. வருடம் முடிந்ததும் நகையை 'மாற்றி வைக்க' வேண்டும் என்றார்கள். உங்கள் வீட்டிலும் மாற்றி வைத்திருப்பீர்கள். முழுப் பணத்தையும் கட்டி நகையை வெளியே எடுத்து, அதே நகையை அதே மேசையில் மறுபடி அடகு வைப்பது. முழுப் பணத்துக்கு எங்கே போவது? அதற்குத்தான் வங்கிக்கு எதிரே டீக்கடையில் பாண்டி உட்கார்ந்திருப்பார். தொகையைச் சொன்னால் எழுந்து கூடவே வருவார். அவர் பணத்தைக் கட்டி, நகையை எடுத்து, திரும்ப வைத்து, வருகிற பணத்தை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். ஆயிரத்துக்கு ஐந்து ரூபாய் அவர் கூலி. ஒரு மணி நேரத்து வேலை. முடிந்ததும் நாங்கள் பன்னும் டீயும் சாப்பிட்டுவிட்டு, ஏதோ கடனையே அடைத்துவிட்ட மாதிரி வீட்டுக்கு வருவோம்.

இதில் ஒரு வேடிக்கை. அடகு வைத்திருக்கிற வீடுகளில் தங்கம் விலை ஏறினால் சந்தோஷப்படுவோம். வாங்குகிறவர்கள் வயிற்றில் அடித்துக்கொள்ளும்போது எங்களுக்கு முகம் மலரும். ஏனென்றால் மாற்றி வைக்கும்போது அதே நகைக்குக் கூடுதல் பணம் தருவார்கள். முதல் தடவை மாற்றியபோது எழுபத்தைந்து தொண்ணூறு ஆனது. கையில் மிஞ்சியதில் ஒரு பிரிட்ஜ் வந்தது. தங்கம் போட்ட பிச்சை என்று இவர் அதற்கு மாலை போடாத குறை. அந்தப் பிரிட்ஜ் ரஹிமாவின் கழுத்திலிருந்துதான் வந்தது என்று எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

அடுத்த தடவை மாற்ற வேண்டிய நாளில்தான் அந்த ஐந்து பேர். ரஹிமா, "நானும் வாரேன், செயினச் செத்த நேரம் பாத்துட்டு வந்துருவேன்" என்று கூடவே கிளம்பிவிட்டாள். சபீனாவைப் பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை கோயம்புத்தூரில் வேலை. காலேஜ் முடிந்ததும் நிக்காஹ். செயினை எப்போது தருவாய் என்று ரஹிமா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் நான் பதிலுக்கு அழுதாவது தீர்த்திருப்பேன்.

பாண்டி பணத்தைக் கட்டினார். செயின் வெளியே வந்தது. ரஹிமா அதைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் கழுத்தில் போட்டுக்கொண்டாள். போன் கேமராவைத் திருப்பி, முகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"யக்கா, அழகு பாக்குற நேரமா இது? எனக்கு அடுத்த பார்ட்டி வெளிய நிக்குது" என்றார் பாண்டி.

"இருப்பா. என் நகைய நான் போட ஒனக்கு வட்டியா?"

மதிப்புச் சொல்கிறவர் நிமிர்ந்தார். "நகை யாரோடதும்மா?"

வங்கியில் சொந்த நகை என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தோம். ரஹிமா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எங்க தங்கச்சியோடதுதாண்ணே. சும்மா போட்டுப் பாத்தேன்" என்றாள். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்தாரா, கனைத்தாரா தெரியவில்லை.

அவள் கழற்றிக் கொடுத்த செயினை உரசிப் பார்த்துவிட்டு, "விலை ஏறியிருக்கு. இந்தத் தடவ ஒன்னு பத்து வரைக்கும் போடலாம்" என்றார்.

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வண்டிக்கு நாலு டயரும் அவர் கண்ணில் ஓடின. "அப்ப ஒன்னு பத்தே..." என்று ஆரம்பித்தார். ரஹிமா வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டு மதிப்புச் சொல்கிறவரிடம் கேட்டாள்.

"ஏண்ணே, வருசா வருசம் வட்டி கட்டுதுகளே இதுக, அசலு எப்பத்தான் கொறையும்?"

"கட்டுனாக் கொறையும்."

"மொத்தமாவா?"

"யாரு சொன்னா? ஐநூறு இருந்தா ஐநூறு கட்டுங்க, ஆயிரம் இருந்தா ஆயிரம். அசலு கொறஞ்சா வட்டியும் கொறையும். கூடுதலாத் தாங்கன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க."

அது எங்களுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நகைக்கடன் என்றால் மொத்தமாகத்தான் அடைக்க வேண்டும், அதுவரை மாற்றி மாற்றி வைப்பதுதான் முறை என்று எங்கள் தெருவே நம்பியது. உள்ளே போய் ஒரு கேள்வி கேட்க எனக்குப் பயம். இவருக்குக் கூச்சம். பாண்டியிடம் கேட்டிருந்தால், பாவம், அவர் ஏன் சொல்லப்போகிறார்?

"கூட வேணாம் சார். பழைய தொகையே போதும்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். வீட்டுக்காரர் என்னை முறைத்தார். பிறகு ரஹிமாவின் கழுத்தைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரத்திலிருந்து சம்பளத்தைக் கையில் வாங்கியதும், காய்கறிக்கு முன்னால், ரீசார்ஜுக்கு முன்னால், செயினுக்கு ஒரு பங்கு. அதிக வட்டி தின்றது தினசரித் தவணைதான் என்று புரிந்ததும் முதலில் அதை ஒழித்தோம். அதற்குக் கொடுத்ததெல்லாம் பிறகு செயின் பக்கம் திரும்பியது. போன் வாங்கிய கடனின் தவணையும் தேதி தப்பாமல் போயிற்று. முன்பு இரண்டு தடவை தப்பியதற்கே கடன் ஸ்கோர் குறைந்து, வண்டிக்கடன் கேட்ட இடத்தில் எங்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இவர் மார்க்கெட்டில் கடனுக்கு டீ குடிப்பதை நிறுத்தினார். "கையில காசு இருந்தா டீ, இல்லேன்னா தண்ணி. ஒடம்புக்கும் நல்லதுதான்" என்று வீராப்பு வேறு.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் வங்கி. பணம் கட்டுகிற இடத்தில் இருந்த பையன் ஒருநாள் பொறுமை இழந்து, "எழுநூறு ரூபாய்க்கா இம்புட்டு நேரம் வரிசைல நின்னீங்க?" என்றான்.

"ஆமா தம்பி. அடுத்த வாரமும் வருவேன்."

வீட்டுக்காரர் சொல்வார்: "இவ கவலப்படுறதுக்குச் சம்பளம் போட்டா நாம இந்நேரம் கோடீஸ்வரங்க." உண்மையில் அப்போதுதான் என் கவலைக்கு ஒரு வேலை கிடைத்தது. சும்மா நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்தது, வாரம் ஒருமுறை வரிசையில் போய் நிற்கக் கற்றுக்கொண்டது.

நிக்காஹ் நெருங்கியது. இரண்டு நல்ல சீசனில் வண்டி ஓய்வில்லாமல் ஓடியது. தீபாவளிக்கு யூனிட்டில் கொடுத்ததையும் அதில் போட்டோம். கடைசித் தொகையோடு ரஹிமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். எட்டாம் வகுப்புக் கணக்கு என்னைக் கைவிட்டது. கடைசிக்கட்ட வட்டியை நான் சேர்க்கவே இல்லை. இடுப்பு முடிச்சு, கைப்பை, டிபன் பை எல்லாம் துழாவினேன். போதவில்லை. "அடுத்த வாரம் எடுத்துக்கிறேன் சார்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். ரஹிமா தன் பர்ஸைத் திறந்து மீதியை எண்ணி வைத்துவிட்டாள். தன் செயினை மீட்க அவளே பணம் கட்டினாள் என்றால் யார் நம்புவார்கள்?

யூனிட்டுக்கு வந்ததும் டம்ளரில் பூந்திக்கொட்டையை ஊறவைத்துச் செயினைக் கழுவினாள். வங்கிப் பெட்டியின் வாடை போக வேண்டுமாம். எல்லோரும் மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். சபீனா கழுத்தில் அது ஏறிய அன்றைக்கு நான் பந்தியில் இருந்தேன். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பசியோடு ஒரு விசேஷத்தில் சாப்பிட்டு அத்தனை காலம் ஆகியிருந்தது.

இப்போது அந்த மாடியில் செல்போன் உறை விற்கிறார்கள். யூனிட் முதலாளி மிஷின்களை விற்றுவிட்டுத் திருப்பூர் பக்கம் போய்விட்டார். வங்கியும் இடம் மாறிவிட்டது. டீக்கடையும் இல்லை, பாண்டியும் இல்லை. கடன் இப்போது போனுக்குள்ளேயே வருகிறது. 'உங்களுக்காகத் தயார்' என்று தினம் ஒன்று கூப்பிடுகிறது. வரிசையில் நிற்க வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். அடுத்தவள் நகையைக் கழுத்தில் போட்டுப் பார்க்கிறதை நின்று பார்க்கவும் வேண்டாம். எனக்கென்னவோ அதுதான் பயமாக இருக்கிறது. எங்கள் நகைகளையும் மீட்டாயிற்று, பீரோவில் இருக்கின்றன. மாதாமாதம் தபால் ஆபீஸில் கொஞ்சம் போடுகிறோம்.

ரஹிமா மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறாள். போன மாதமும் கேட்டேன். "ரஹிமா, அன்னைக்கு நீ பேங்க்ல கட்டுன பணத்த போன்லயே அனுப்பிர்றேன். ஒரு நிமிசந்தான்."

"அனுப்பிப் பாரு. அப்பவே திருப்பி அனுப்புவேன்."

"ஏன்டி இப்பிடிப் பண்ற? பாக்கி இருந்தா எனக்குத் தூக்கம் வராதுன்னு தெரியும்ல?"

"தெரியும் புள்ள. கடன் தீந்துட்டா நீ எனக்கு எதுக்குப் போன் பண்ணப்போற?"

வேறு யாருக்கும் நாங்கள் ஒரு பைசா தர வேண்டியதில்லை. ரஹிமாவுக்கு மட்டும் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.