மோட்டார் நின்ற பிறகும் ஓடிய தண்ணீர்

கதிர் வெங்கடம்மாளை முதன்முதலில் பார்த்தது 1996 ஆடி மாதம், கோவை கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் ஷெட்டில். எம்.சி.ஏ. முடித்து ஆறு மாதத் தற்காலிக வேலைக்கு வந்திருந்தான். அவன் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பம்பின் அளவைப் படித்துச் சான்றிதழ் அச்சடிக்கும் கம்ப்யூட்டரை இறக்கி வைத்ததுமே அவர் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, இது வந்தா நான் ஊட்டுக்குப் போகோணுங்களா?"

"இல்லீங்கக்கா."

அவர் நம்பவில்லை. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங்கில் சேர்ந்து, மீட்டர் படிக்கத் தானே பழகி, டெஸ்டிங் பெஞ்சுக்கு வந்த ஒரே பெண் அவர்.

கார்த்திகையில் தாராபுரம் டீலர் மூன்று பம்புகளைத் திருப்பி அனுப்பினார். தண்ணீர் ஏறவில்லை. சான்றிதழ்களிலோ மூன்றுக்கும் ஒரே அளவு, புள்ளிக்குப் பின்னாலும் மாறாமல். ஒரு பம்பை ஓட்டிவிட்டு, நம்பரை மட்டும் மாற்றி வெங்கடம்மாள் மூன்று அச்செடுத்திருக்கிறார் என்று முடிவுகட்டினார் மேனேஜர் பாலகோபால்.

"சனிக்கிழமைக்குள்ள கையும் களவுமாப் புடிச்சுக்குடு. ஆளை மாத்திப்போடலாம்."

கதிருக்கும் அதே சந்தேகம். தன் புரோகிராமை அவன் சந்தேகிக்கவில்லை.

இரண்டு நாள் ஷெட் ஜன்னலுக்கு வெளியே நின்று வெங்கடம்மாளின் கையையே பார்த்தான். பூட்டினார், ஓட்டினார், அச்செடுத்தார். தப்பே இல்லை. தான் பார்ப்பதைத் தெரிந்துகொண்டு நடிக்கிறாரோ என்று தோன்றியது.

"வெயில்ல நின்னு திருடனைப் புடிக்கறதுக்கு, உள்ள வந்து ஃபேனடியில புடிங்க தம்பி," என்றார் திரும்பாமலே. அவன் அவர் கையைப் பார்க்க, அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அவரே கூப்பிட்டார். சுவிட்சை அணைத்தார். குழாயில் தண்ணீர் நின்றது. திரையில் நிமிடத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு லிட்டர் அசையாமல் இருந்தது.

"மோட்டாரை நிறுத்திப்போட்டேனுங்க. உங்க பொட்டிக்குள்ள ஓடறது எந்தக் கெணத்துத் தண்ணி?"

கதிர் கீபோர்டைத் தட்டினான். மீட்டரைப் படிக்கும் புரோகிராம் செத்துக் கிடந்தது. மோட்டார் அதிர்வில் மீட்டர் ஒயர் கழன்றிருக்கிறது. தினமும் காலையில் பெட்டியை அணைத்துப் போட்டு, ஒயர்களை அழுத்திவிடுவது வழக்கம், அதில் சரியாகிவிடும். அதனால் யாரும் கவனிக்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரை இயக்கிய யூனிக்ஸில் ஒரு புரோகிராம் இன்னொன்றின் நினைவகத்தைத் தொட முடியாது. அதனால் மீட்டர் படிப்பதற்கும் அச்சடிப்பதற்கும் பொதுவாக யூனிக்ஸிடம் ஒரு துண்டு நினைவகம் கேட்டு வாங்கி, இரண்டின் முகவரிகளிலும் அவன் பொருத்தியிருந்தான். ஒன்று எழுதியதை மற்றது அப்போதே பார்க்கும், நகலெடுக்க வேண்டியதில்லை. ஆனால் எழுதிய புரோகிராம் செத்தாலும் அந்தத் துண்டு சாகாது. கடைசி அளவை வைத்துக்கொண்டு அப்படியே இருக்கும்; தாராபுரம் போன மூன்று பம்புக்கும் அச்சானது அதுதான். எப்போது எழுதியது என்று அச்சடிக்கும் புரோகிராம் கேட்கவில்லை. கேட்கும்படி அவன் எழுதவில்லை.

"தப்பு என்னோடதுங்கக்கா."

"எங்கிட்டச் சொல்லி என்னுங்க? மேல போயிச் சொல்லுங்க. நானும் வாரேன்."

சொல்லாமல் இறங்கிவிடுவான் என்று நினைத்தோ என்னவோ, கூடவே மாடி ஏறி, அவன் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை கதவருகில் நின்றார்.

"அப்ப மாத்த வேண்டிய ஆளு நீதானாப்பா?" என்றார் பாலகோபால்.

ஒவ்வொரு அளவோடும் நேரத்தையும் எழுதி, இரண்டு நொடி பழையதானால் அச்சடிக்காதபடி கதிர் திருத்திக் கொடுத்தான். தை மாதம் அவன் வேலை நீட்டிக்கப்படவில்லை.

வெங்கடம்மாள் இப்போது அந்த ஷெட்டின் சூப்பர்வைசர்.